பொருந்தாத் திரைப்படத் தலைப்புகள்

பொருந்தாத் திரைப்படத் தலைப்புகள் என்பவை, படத்தின் கதை, களம், வகை ஆகியவற்றைப் பற்றிப் பார்வையாளரிடம் வேறோர் எதிர்பார்ப்பை உண்டாக்கும் தலைப்புகள் ஆகும். தமிழ்த் திரைப்படங்களில் இப்பொருத்தமின்மை பல காரணங்களால் ஏற்படுகிறது. இயக்குநர் வேண்டுமென்றே முரணாகப் பெயரிடுவது, ஆட்பெயரையோ ஊர்ப்பெயரையோ தலைப்பாக்குவது, பழைய தலைப்பை மீண்டும் பயன்படுத்துவது ஆகியவை அவற்றுள் சில. தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு அரசின் வரிவிலக்கு விதியும் ஒரு காரணமாயிற்று.

தலைப்பின் பணி

முன்னோட்டக் காட்சிகள் கைப்பேசிக்கு வருவதற்கு முன், ஒரு படத்தைப் பற்றிப் பெரும்பாலான மக்கள் அறிந்தது சுவரொட்டியில் இருந்த தலைப்பும் நடிகர்களின் முகங்களும் மட்டுமே. தியாகராஜா, ஜெயந்தி ஆகிய திரையரங்குகளைக் கொண்டிருந்த திருவான்மியூர் போன்ற பகுதிகளில், சுவரொட்டியைப் பார்த்தே எந்தப் படத்துக்குச் செல்வது என்று குடும்பங்கள் முடிவு செய்தன. எனவே தலைப்பு என்பது நுழைவுச்சீட்டு வாங்குபவருக்குத் தரப்படும் ஒரு வாக்குறுதியாகவும் இருந்தது.

திட்டமிட்ட முரண்

சில தலைப்புகள் படத்தின் உள்ளடக்கத்துக்கு நேர் எதிரானவை. ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' (1964) முழுக்க முழுக்கக் காதல் நகைச்சுவைப் படம். அதில் வரும் இளைஞர்களுக்குக் காதலிப்பதைத் தவிர வேறு வேலை குறைவு. தலைப்பே ஒரு கேலி என்பது விரைவில் புரிந்துவிடுவதால் யாரும் ஏமாற்றமடைவதில்லை.

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) இதற்கு மாறானது. '16 வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' ஆகிய கிராமியப் படங்களைத் தந்த இயக்குநரிடமிருந்து இப்படி ஒரு தலைப்பு வந்தபோது, அது இன்னொரு மென்மையான காதல் கதையாகவே தோன்றக்கூடும். படமோ பெண்களைத் தொடர்ந்து கொலை செய்யும் ஒருவனைப் பற்றியது. ரோஜாத் தோட்டத்துக்கும் கொலைகளுக்கும் உள்ள தொடர்பு தெரிந்த பிறகே தலைப்பின் பொருள் விளங்கும்.

கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' (1979) நாயகியின் உயிர்கொல்லி நோயையும் கதையில் கொண்டது. அப்படத்தின் புகழ்பெற்ற பாடலொன்றின் தொடக்கச் சொற்களைத் தலைப்பாகக் கொண்ட 'எங்கேயும் எப்போதும்' (2011), இரண்டு பேருந்துகள் மோதும் விபத்தைப் பற்றியது. பாடலின் கொண்டாட்டம் நினைவில் இருப்பதாலேயே படத்தின் துயரம் கூடுதலாகத் தாக்குகிறது. 'ஆரண்ய காண்டம்' (2011) இராமாயணப் பகுதியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் சென்னையின் தாதாக்களைப் பற்றிய படமாகும்.

ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும்

'பம்மல் கே. சம்பந்தம்' (2002) என்ற பெயர் தமிழ் நாடக முன்னோடி பம்மல் சம்பந்த முதலியாரை நினைவூட்டுகிறது. அது திரைப்படச் சண்டைக் கலைஞர் ஒருவரைப் பற்றிய நகைச்சுவைப் படம். 'சிவாஜி' (2007) நடிகர் சிவாஜி கணேசனைப் பற்றியதுமன்று, மராத்திய மன்னரைப் பற்றியதுமன்று. நாயகனின் பெயர் சிவாஜி, அவ்வளவே.

'சென்னை 600028' (2007) ராஜா அண்ணாமலைபுரத்தின் அஞ்சல் எண்ணைத் தலைப்பாகக் கொண்டது. 600041 என்ற எண்ணுள்ள திருவான்மியூரில் இருப்பவருக்கு அது பக்கத்துப் பகுதி என்று உடனே தெரியும். வெளியூர்க்காரருக்கு அது ஒரு முகவரி மட்டுமே. தெருக் கிரிக்கெட் படம் என்று ஊகிக்க வழியில்லை. 'சென்னை எக்ஸ்பிரஸ்' (2013) என்ற இந்திப் படத்தின் பெரும்பகுதி சென்னையில் நடப்பதில்லை; கொம்பன் என்ற கற்பனைக் கிராமத்தில் நடக்கிறது.

ஆங்கிலத் திரையுலகில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 1883ஆம் ஆண்டு எரிமலை வெடிப்பைப் பற்றிய 'கிரகட்டோவா, ஈஸ்ட் ஆஃப் ஜாவா' (1968) ஆகும். 'ஜாவாவுக்குக் கிழக்கே' என்று தலைப்பு கூறினாலும், கிரகட்டோவா ஜாவாவுக்கு மேற்கே உள்ளது.

ஒரே தலைப்பு, வேறு கதை

பழைய வெற்றிப் படத்தின் தலைப்பு மீண்டும் வரும்போது அது மறுஆக்கம் என்று பலர் கருதுகின்றனர். 'பில்லா' (1980, 2007) போன்றவற்றில் அது உண்மை. ஆனால் கீழ்க்காண்பவை பெயரால் மட்டுமே ஒன்றுபடுகின்றன:

- 'கர்ணன்' (1964) மகாபாரதக் கதை. 'கர்ணன்' (2021) ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் ஒரு கிராமத்தின் போராட்டக் கதை.
- 'எதிர்நீச்சல்' (1968) ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில் வாழும் ஏழை மாணவனைப் பற்றியது. 'எதிர்நீச்சல்' (2013) மாரத்தான் ஓட்டத்தைப் பற்றியது.
- 'அமரன்' (1992) பழிவாங்கும் கதை. 'அமரன்' (2024) இராணுவ அதிகாரி முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை.

தயாரிப்பாளர்கள் தலைப்புகளைத் தங்கள் சங்கங்களில் பதிவு செய்கின்றனர். இது தொழில் சார்ந்த ஏற்பாடே தவிரப் பதிப்புரிமை அன்று. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத் தலைப்பு தொடர்பான வழக்கில், தலைப்புக்கு மட்டும் தனியே பதிப்புரிமை கிடையாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது.

வரிவிலக்கும் பெயர் மாற்றமும்

2006இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, தமிழில் பெயர் வைக்கப்படும் படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. ஆங்கிலத் தலைப்புகள் பெருகிவந்த நிலையில் தமிழை ஊக்குவிப்பதே இதன் நோக்கம். தயாரிப்பில் இருந்த பல படங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. 'சம்திங் சம்திங்' என்ற சொற்கள் நீங்கி 'உனக்கும் எனக்கும்' மட்டும் நின்றது. 'ஜில்லுனு ஒரு காதல்' என்பது 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. பின்னர் 'ரோபோ' என்று அறியப்பட்ட படம் 'எந்திரன்' (2010) என வெளியானது. இவற்றில் பொருள் கெடவில்லை.

'எம்டன் மகன்' (2006) அவ்வாறு தப்பவில்லை. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னை மீது குண்டு வீசிய செருமானியப் போர்க்கப்பலின் பெயர் எம்டன். அதன் பிறகு, பிறரை நடுங்க வைப்பவரையும் கெட்டிக்காரரையும் 'எம்டன்' என்று அழைப்பது தமிழ்ப் பேச்சு வழக்காயிற்று. படத்தில் எம்டன் என்பது மகனை அடக்கி வைக்கும் கண்டிப்பான தந்தையைக் குறிக்கும். வரிவிலக்குக்காகத் தலைப்பு 'எம் மகன்' என்று சுருக்கப்பட்டது. 'கொடிய தந்தையின் மகன்' என்ற பொருள் மறைந்து 'எங்கள் மகன்' என்ற பாசமான பொருள் வந்தது. சென்னை மக்களின் பேச்சில் ஏறக்குறைய நூறாண்டுகள் வழங்கிய ஒரு சொல், தமிழ்ச் சொல் அன்று என்பதால் நீக்கப்பட்டது.

2011இல் அமைந்த ஜெ. ஜெயலலிதா அரசு, தலைப்பு மட்டும் போதாது, 'யு' சான்றிதழும் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளைச் சேர்த்தது. ஆயினும் பெயர் மாற்றங்கள் தொடர்ந்தன. சூர்யா நடித்த 'மாஸ்' (2015), 'மாசு என்கிற மாசிலாமணி' ஆயிற்று. மாசு என்றால் அழுக்கு. மாசிலாமணி என்றால் அழுக்கில்லாத மணி. திரள்கூட்டத்தின் ஆரவாரத்தைக் குறித்த சொல், ஓரெழுத்து மாற்றத்தில் தன் பின்பாதியையே மறுக்கும் தலைப்பாக மாறியது.

2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் இந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. அதன் பின் 'மாஸ்டர்' (2021), 'டாக்டர்' (2021), 'பீஸ்ட்' (2022), 'ஜெயிலர்' (2023) என ஆங்கிலத் தலைப்புகள் மாற்றமின்றி வெளிவருகின்றன. இவற்றுள் 'டாக்டர்' நாயகன் இராணுவ மருத்துவர்தான். ஆனால் படம் மருத்துவத்தைப் பற்றியதன்று, கடத்தப்பட்ட சிறுமியை மீட்பதைப் பற்றியது.