தேவ அழைத்தலும் இளைஞர் உள்ளமும்

திருவள்ளுவர் கடவுளை வாழ்த்தி, மழையின் சிறப்பைக் கூறியபின், அடுத்த அதிகாரத்தைத் துறந்தாருக்கே வழங்கினார். நீத்தார் பெருமைக்கு அவர் அளித்த இடம் அத்துணை உயர்ந்தது. ஆயினும், வீட்டில் வளரும் மைந்தனோ மகளோ ஒருநாள் இரவு உணவுவேளையில், "நான் துறவியாக விரும்புகின்றேன்" என்று கூறினால், அவ்வதிகாரத்தை மனப்பாடமாக ஓதும் தந்தையும் திகைப்பார், தாய் கண்கலங்குவாள். அயலார் வீட்டுத் துறவை வணங்குதல் எளிது. தம் வீட்டுத் துறவைத் தாங்குதல் அரிது.

இந்துவாகிய நாம் இப்பொருள் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. எம்மிடம் பயின்ற கத்தோலிக்க மாணவருட் சிலர், உயர்தர வகுப்பு முடியுந் தறுவாயில், வைத்தியம், பொறியியல், கணக்கியல் என்னும் துறைகளோடு குருமடத்தையும் ஒரு வழியாக எண்ணுவதைக் கண்டிருக்கின்றோம். அவர்கள் படிப்பிற் பின்தங்கியவரல்லர், உலகை வெறுத்தவருமல்லர். அங்ஙனமாயின் அவர்களை அவ்வழியில் ஈர்ப்பது யாது? பெற்றோரும் ஆசிரியரும் ஆராய வேண்டிய வினா இது.

இருவகைப் பாதைகள்

கத்தோலிக்கர் இவ்வெண்ணத்தைத் தேவ அழைத்தல் என்பர். இதிற் பாதைகள் இரண்டு. மறைமாவட்டக் குருவாகுபவர் ஆயருக்குக் கீழ்ப்படிந்து, மணவாழ்வைத் துறந்து, கோயிற்பற்றுகளிற் பணியாற்றுவார். துறவற சபையிற் சேர்வோர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்துக் குழுவாக வாழ்வர். கன்னியர்களும், குருப்பட்டம் பெறாத அருட்சகோதரர்களும் இப்பிரிவினர். குருவாகவும் துறவியாகவும் ஒருங்கே விளங்குவோரும் உளர்.

அண்மையிற் கண்ட வாழ்வு

அழைத்தல் என்றதும், வானிலிருந்து குரல் கேட்டதோ, கனவிற் காட்சி தோன்றியதோ எனப் பலர் எண்ணுவர். அத்தகைய அனுபவங்களைக் கூறுவோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் கூறுவது ஒரு மனிதரைப் பற்றியே. மழையிலும் மிதிவண்டியில் வந்து நோயாளியைச் சந்தித்த பங்குத்தந்தை, தமக்கென ஒன்றும் வையாது பிள்ளைகளுக்குக் கற்பித்த கன்னியாஸ்திரி, இவர்களில் ஒருவரை அண்மையில் இருந்து கண்டதே பலருக்குத் தொடக்கமாகின்றது.

அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் குருப்பட்டம் பெறுவோரிடம் நடத்தப்படும் ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. குருத்துவத்தைப் பற்றி அவர்கள் முதன்முதலாகச் சிந்தித்தது ஏறத்தாழ 16 வயதில். பத்துப் பேரில் ஏழுபேரளவினர் சிறுவயதிற் பூசைக்கு உதவி செய்தவர்கள். மிகப் பெரும்பாலோர், "நீ குருவானால் நன்று" என்று யாரோ ஒருவர் தம்மிடம் கூறியதை நினைவுகூருகின்றனர். அங்ஙனம் கூறியவர் பெரும்பாலும் பங்குத்தந்தையே. உள்ளே முளைத்த எண்ணத்திற்கு வெளியிலிருந்து ஒரு சொல் நீர் வார்க்கின்றது.

அச்சொல் குருவானவரிடமிருந்தே வரவேண்டும் என்பதுமில்லை. இரண்டாம் உலக யுத்தக் காலத்திற் போலந்து நாடு நாசிகளின் பிடியிலிருந்தது. குருக்கள் பலர் சிறைப்பிடிக்கப்பட்டனர். கிராக்கோ நகரில் யான் திரனோவ்ஸ்கி என்னும் தையற்காரர் ஒருவர் இளைஞரைச் சிறு குழுக்களாகச் சேர்த்துச் செபிக்கவும் சிந்திக்கவும் பழக்கினார். அக்குழுவில் இருந்த தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் 1942 இல் இரகசியமாக இயங்கிய குருமடத்திற் சேர்ந்தார். 1946 இற் குருவானார். அவரே பின்னாளிற் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர். தையல் ஊசி பிடித்த கை ஒரு பாப்பரசரின் பாதையைத் தொடக்கி வைத்தது.

நம் நாட்டிலும் இளைஞர் கண்ட காட்சிகள் உள. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தக் காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் குருக்களும் கன்னியரும் மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்தனர். மடுத் திருத்தலத்தில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்திருந்தனர். தப்பிச்செல்ல வழியிருந்தும் செல்லாது நின்று உயிரிழந்த குருக்களும் உளர். அவ்வாழ்வைக் கண்ட சிறுவனின் உள்ளத்தில், "இவர் ஏன் போகவில்லை?" என்னும் கேள்வி எழாதிருக்குமா?

தேவையின் குரல்

நம் மண்ணின் வரலாறு இன்னொரு காரணத்தையும் காட்டுகின்றது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவின்றி வாடிய மக்களின் நிலையைக் கேள்வியுற்ற கோவாவைச் சேர்ந்த குரு யோசேப் வாஸ், 1687 இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் மறைவாக யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடம் அளித்தனர். பின் கண்டி சென்று சிறைப்பட்டு, அங்கு பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையாற் பராமரித்தார். 1711 இற் கண்டியிலேயே மறைந்த அவருக்கு 2015 இற் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிற் புனிதர் பட்டம் அளித்தார். மக்களின் தேவையே அவருக்கு அழைப்பாயிற்று.

அறிவுப் பசியும் துறவும் ஒன்றுக்கொன்று பகையென எண்ணுவோருக்கு இருவரைச் சுட்டலாம். மானிப்பாயிற் சைவக் குடும்பத்தில் 1875 இற் பிறந்த வைத்தியலிங்கம், தாயின் மறுமணத்தின் பின் கத்தோலிக்கராகி, புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக அமர்ந்தார். அந்நாளில் அரசாங்க உத்தியோகம் என்றால் அதன் மதிப்பை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதனை உதறிக் குருமடம் புகுந்து, 1901 இற் குருவானார். அவரே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். வரலாற்றாய்விலும் தமிழ்ச் சொற்பிறப்பு ஆய்விலும் அவர் உழைப்பைச் சமய வேறுபாடின்றித் தமிழறிஞர் போற்றுகின்றனர். மற்றவர் 1913 இற் கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகளார். உரோமையிற் கற்றுக் குருவானபின் தமிழை முறையாகப் பயின்று, 1966 இற் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூட முன்னின்றார். இல்லறம் துறந்தவர் மொழியைத் துறக்கவில்லை.

ஆரவாரமற்ற பாதையை நாடுவோரும் உளர். தோலகட்டி நெல்லிரசத்தை அறியாத யாழ்ப்பாணத்தவர் அரியர். அதனைச் செய்யும் கைகளுக்குரியவர், 1928 இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் தாசர் சபையினர். மௌனமும் மன்றாட்டும் உடலுழைப்புமே அவர்தம் வாழ்வு. இரைச்சல் மிகுந்த இக்காலத்தில், அமைதி ஒன்றே ஓர் இளைஞனை அழைக்கப் போதுமானது.

ஆராய வேண்டிய காரணங்கள்

எனினும் குருமடம் நாடும் ஒவ்வோர் எண்ணமும் தூயதெனக் கூறல் உண்மையாகாது. பரீட்சையில் தோல்வி, காதலில் ஏமாற்றம், வீட்டு வறுமை, மதிப்பான அங்கியின்மேல் ஆசை ஆகியனவும் துறவின் வேடத்தில் வருவதுண்டு. பிள்ளை நோயுற்றபோது, பிழைத்தால் குருவாக்குவேன் என்று தாய் வைத்த நேர்த்தியும் அவன் தோளிற் சுமையாக ஏறுவதுண்டு. நேர்ந்தவள் தாய், வாழ வேண்டியவன் மகன். எக்காரணத்தாலும் ஒருவரை வற்புறுத்திக் குருவாக்கல் தகாது என்று 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பே விதிக்கின்றது.

பெண்பிள்ளை கன்னியர் மடம் செல்லின் நம்மூர் நாக்கு வேறொன்றும் பேசும்: "சீதனம் கொடுக்க வழியில்லை, அதுதான் அனுப்பிவிட்டார்கள்." மனமுவந்து செல்லும் பெண்ணுக்கு இப்பேச்சு பெரும் அவமதிப்பு. உண்மையிலேயே அக்காரணத்தால் ஒருத்தி அனுப்பப்பட்டாளாயின், அது அவளுக்கு இழைத்த அநீதி. அதற்குத் துறவென்று பெயரிடுதல் தகாது.

நீண்ட சோதனை

இக்காரணங்களைப் பிரித்தறியவே நீண்ட பயிற்சிக்காலம் வகுக்கப்பட்டுள்ளது. குருவாக விரும்புவோர் மெய்யியலும் இறையியலுமாகக் குறைந்தது ஆறு ஆண்டுகள் கற்க வேண்டும். நம் நாட்டிற் கண்டி அம்பிட்டியவிலும், யாழ்ப்பாணம் கொழும்புத்துறையிலும் இதற்கான பெரிய குருமடங்கள் உள்ளன. 25 வயது நிறையுமுன் பொதுவாகக் குருப்பட்டம் இல்லை. துறவற சபையிற் சேர்வோர் குறைந்தது ஓராண்டு நவசந்நியாசத்தில் இருந்து, பின் சில ஆண்டுகளுக்கு மட்டும் வார்த்தைப்பாடு கொடுப்பர். அதன்பின்னரே நித்திய வார்த்தைப்பாடு. ஒவ்வொரு படியிலும் வாயில் இருபுறமும் திறந்தே இருக்கும். திருமணத்திற்கு முன் நாம் பொருத்தம் பார்க்கின்றோம். துறவிற்கு முன் பல்லாண்டுகள் பார்க்கப்படுகின்றன.

திரும்பி வந்த பிள்ளை

வாயில் திறந்திருப்பினும், வெளிவருவோனை ஊர் எங்ஙனம் வரவேற்கின்றது? நம்மை வருத்துவது இவ்விடயமே. நான்காண்டு கற்று, இவ்வழி தனக்குரியதன்று எனத் தெளிந்து நேர்மையோடு திரும்பும் இளைஞனை, "குருமடத்தால் ஓடி வந்தவன்" என்று சந்தியில் நின்று சுட்டுகின்றனர். கலியாணப் பேச்சிலும் அக்கதை முந்திச் செல்கின்றது. இவ்வேச்சுக்கு அஞ்சி, விருப்பமின்றியும் உள்ளேயே தங்கிவிடுபவனின் நிலை என்னாகும்? அவனுக்கும் நன்றன்று, அவன் பணியாற்றப்போகும் மக்களுக்கும் நன்றன்று.

பிரான்சு நாட்டு லிசியே நகரத் தெரேசாவைப் பலரும் அறிவர். 1888 இற் பதினைந்து வயதில் கார்மேல் மடம் புகுந்து, 24 வயதில் மறைந்து, உலகெங்கும் புகழ்பெற்ற புனிதை அவர். அவர் தந்தை லூயி மார்ட்டின், இளமையில் மடமொன்றிற் சேர விரும்பி, இலத்தீன் அறியாமையால் ஏற்கப்படாதவர். தாய் செலியும் அவ்வாறே கன்னியர் சபையொன்றினால் மறுக்கப்பட்டவர். துறவு கிட்டாத அவ்விருவரும் மணந்து நல்லறம் நடத்தினர். எஞ்சி வளர்ந்த ஐந்து புதல்வியரும் கன்னியராயினர். 2015 இற் பெற்றோர் இருவரும் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர். இல்லறமும் ஓர் அழைத்தலே என்பதற்கு இக்குடும்பத்தினும் சிறந்த சான்று வேண்டுமா?

அந்த ஐவருள் லெயோனி என்பவரின் கதையைச் சிலரே அறிவர். அவர் மூன்று தடவை மடம் புகுந்து மூன்று தடவையும் வீடு திரும்பியவர். நான்காம் முறையாக 1899 இல் நுழைந்து, 1941 இல் இறக்கும்வரை அங்கேயே நிலைத்தார். திரும்பிய ஒவ்வொரு முறையும் அவருக்கு வீட்டின் கதவு திறந்தேயிருந்தது. அக்கதவு மூடியிருப்பின் நான்காம் பயணம் ஏது?

பெற்றோருக்கு ஒரு சொல்

1970 இல் உலகெங்குமிருந்த கத்தோலிக்கக் கன்னியர் ஏறத்தாழப் பத்து லட்சம்; இன்று ஆறு லட்சத்திற்கும் குறைவு. குடும்பங்கள் சிறுத்தன, ஒரே மகன், ஒரே மகள் என்னும் வீடுகள் பெருகின, பெண்கள் கற்கவும் பணிபுரியவும் வேறு வழிகள் பல திறந்தன. ஆகவே, இன்று இவ்வழியை எண்ணும் பிள்ளை முன்னையோரினும் தனிமையில் நின்று எண்ணுகின்றது. அத்தனிமையில் அதற்கு வேண்டியது செவிசாய்க்கும் ஒருவர்.

பிள்ளை அவ்வெண்ணத்தைக் கூறுமாயின், பெற்றோர் உடனே தடுத்தலும் வேண்டா. உடனே ஊருக்கெல்லாம் பறைசாற்றலும் வேண்டா. "ஏன்?" என்று அன்போடு வினவுக. விடைகூற நேரம் அளிக்க. படிப்பைத் தொடரச் செய்க. நல்ல குருவானவர் ஒருவரோடு உரையாட விடுக. சென்றால் ஆசியுடன் அனுப்புக. திரும்பினால் ஆசியுடன் ஏற்றுக்கொள்க. சுதந்திரமாகக் கொடுத்த வாழ்வே கொடையாகும். பறித்துக் கொடுத்தது கொடையாகாது. இது கத்தோலிக்க இல்லங்களுக்கு மட்டுமன்று, பிள்ளையைப் பெற்ற எல்லா இல்லங்களுக்கும் பொருந்தும் என்பதே எம் துணிபு.