டேப்பட் சத்தம் அடங்கினால் நல்லதா?

குர்லா தொழிற்சாலையில் தயாரான பிரீமியர் பத்மினி, 2023 அக்டோபர் 30 முதல் மும்பையில் டாக்சியாக ஓடுவதில்லை. ஆனால் அது கற்றுக்கொடுத்த பாடம், தாராவியிலும் செம்பூரிலும் மெக்கானிக் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்கு இன்றும் உதவும்.

என்ஜின் சூடானால் வால்வு நீளும். அதற்காகவே ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விடப்படுகிறது. அதைச் சரிசெய்வதுதான் ‘டேப்பட் செட்டிங்’.

இடைவெளி கூடினால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும், இழுவை குறையும். இடைவெளி குறைந்தாலோ சத்தமே இராது. வால்வு முழுதாக மூடாமல் சூடான வாயு கசிந்து, எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். டிரைவருக்கு அன்றாட வருமானமும் போய்விடும். சி.என்.ஜி.யில் வால்வு சீட் விரைவில் தேய்ந்து இடைவெளி குறையக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

பத்மினியில் செய்யும் முறை இதுதான். என்ஜின் நன்றாகக் குளிர்ந்தபின் மூடியைத் திறக்கவும். 4-ம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடி, மற்றது திறக்கத் தொடங்கும்போது 1-ம் சிலிண்டரைச் சரிசெய்யலாம். 1-ல் அப்படியானால் 4-ஐ. 2-க்கும் 3-க்கும் இதேபோல் ஜோடி. கையேட்டில் உள்ள அளவு பீலர் கேஜ் லேசான பிடிப்புடன் நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளக்கவும். இறுக்கும்போது அளவு மாறிவிடுவதுண்டு.

“சத்தமே கேட்கக் கூடாது” என்று டாக்சிக்காரர் வற்புறுத்தினாலும் அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். நஷ்டம் அவருக்குத்தான்.