ஓர் இரவுக்கு ஆயிரம் டாலர்!

"எல்லோரும் போகிறார்கள், அம்மா!" என்று பெண் கண் கலங்கினால் எந்தத் தாயால் மறுக்க முடியும், சொல்லுங்கள்? அமெரிக்கத் தாய்மார்களுக்கு இந்தச் சங்கடம் வருஷா வருஷம் வசந்த காலத்தில் வந்துவிடுகிறது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் நடக்கும் நடன விருந்துக்கு அங்கே 'ப்ராம்' என்று பெயர்.

முன்பெல்லாம் பள்ளியின் தேகப்பயிற்சிக் கூடத்தில் காகிதத் தோரணம் கட்டி, பழரசம் கொடுத்து முடித்துவிடுவார்கள். இப்போதோ ஹோட்டல் மண்டபம், வாடகைக்கு லிமோஸின் கார், புது கௌன், சிகை அலங்காரம்! "என்னோடு வருகிறாயா?" என்று தோழியைக் கேட்பதற்கே பலூனும் பூச்செண்டும் வேண்டியிருக்கிறது.

2013-ல் வீசா கார்டு கம்பெனி கணக்கெடுத்தபோது, ஒரு குடும்பம் இதற்காக உத்தேசித்திருந்த செலவு சராசரி 1,139 டாலர். இதில் வேதனை என்ன தெரியுமா? வருஷ வருமானம் 50,000 டாலருக்குக் குறைந்த வீடுகள்தாம் சராசரியையும் மிஞ்சியிருந்தன! 'நம் குழந்தை மட்டும் நாலு பேர் நடுவில் குறைந்து நிற்பதா?' என்ற தவிப்புத்தான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆறுதலும் இல்லாமலில்லை. ஜோடி தேடாமல் தோழிகள் கூட்டமாகவே போகும் வழக்கம் பரவிவருகிறது. ஒரே இரவு உடுத்திய கௌன்களைச் சேகரித்து, வசதியில்லாத பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சங்கங்களும் பல ஊர்களில் இருக்கின்றன. பீரோவில் தூங்கும் கௌன் இன்னொரு வீட்டுத் தாயின் தூக்கத்தைக் காப்பாற்றுகிறது!