நாணும் நங்கூரமும்: தசையை எலும்போடு பிணைக்கும் தையல்

அரபு மருத்துவ நூல்களைப் பயில்வோர் 'வத்தர்' என்னும் சொல்லை அடிக்கடி எதிர்கொள்வர். வில்லில் பூட்டும் நாணுக்கு அரபியர் இட்ட பெயர் அது. தசையின் முனை எலும்பில் பொருந்துமிடத்திலுள்ள வெண்ணிறக் கயிற்றுக்கும் அப்பெயரையே அவர்கள் சூட்டினர். நாமும் அதனைத் 'தசைநாண்' என்கிறோம். இரு மொழிகளும் ஒரே உவமையைத் தேர்ந்தது பொருத்தமே. நாண் அறுந்த வில்லால் பயனில்லை. தசைநாண் அறுந்த கையும் அத்தகையதே. அறுந்த நாணை மீண்டும் எலும்பில் பூட்டுவது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

காரைக்குடியை அடுத்த சிராவயலில் தைப் பொங்கலையொட்டி மஞ்சுவிரட்டு நடைபெறுவதை நாம் அறிவோம். பாய்ந்தோடும் காளையைப் பற்றிய கை பின்னோக்கி இழுபடுமாயின் தோள் மூட்டு நழுவக்கூடும். தோளின் கிண்ணம் ஆழமற்றது. அதன் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்து வளையமே அதற்குக் கரை. நழுவும்போது அவ்வளையம் எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டால், பின்னர்ச் சிறு அசைவிலும் தோள் மீண்டும் மீண்டும் நழுவும். முதியோரிடம் நிகழ்வது வேறு. தோளைச் சூழ்ந்த நான்கு தசைகளின் நாண்கள் வயதாலும் உழைப்பாலும் நைந்து, ஒருநாள் சிறு பளுவைத் தூக்கும்போதே கிழிகின்றன.

எலும்பைத் துளைத்த முன்னோடிகள்

பாஸ்டன் நகரின் காட்மன் என்னும் மருத்துவர், கிழிந்த தோள் நாணைத் தைத்த செய்தியை 1911-இல் வெளியிட்டார். பிய்ந்த குருத்து வளையத்தைப் பற்றி இலண்டனின் பேங்கார்ட் 1923-இலும் 1938-இலும் எழுதினார். கிண்ணத்தின் விளிம்பெலும்பில் துளையிட்டு, அவற்றின் வழியே நூலைச் செலுத்தி முடிச்சிடுவது அவர் முறை. தோலைப் பெரிதும் பிளந்தாக வேண்டும் என்பதும், மெலிந்த எலும்பை நூலே அறுத்துவிடக்கூடும் என்பதும் இத்தகைய முறைகளின் இடர்கள்.

1980-களின் நடுவில் மாற்றுவழி பிறந்தது. சுவரில் ஆணி நில்லாத இடத்தில் தச்சர் மரக்கட்டையைப் பதித்து, அதில் ஆணியை இறக்குவார். அதுபோல, நூல் கோத்த சிறு நங்கூரம் எலும்பினுள் பதிக்கப்படுகிறது. வெளியே நீளும் நூல்கள் நாணை ஊடுருவி அதனை எலும்பின்மேல் இழுத்துக் கட்டுகின்றன. சிறு துளைகள் வழியே அகநோக்கிக் கருவியைச் செலுத்தி இதனைச் செய்ய இயலும்.

நங்கூரத்தைச் சாய்த்துப் பதிப்பதா, நேராகப் பதிப்பதா என்பதும் ஆராயப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் பர்க்கார்ட், வேலிக் கம்பங்களை இழுத்துப் பிடிக்கும் அமைப்பைக் கண்டு, இழுவிசைக்கு எதிராகச் சாய்ந்த நங்கூரமே நிலைக்கும் என 1995-இல் எழுதினார். மாடு கட்டும் முளையைச் சாய்த்து அடிக்கும் நம் உழவர்க்கு இது புதிதன்று. எனினும், பிற்கால ஆய்வுகள் சில வேறு கோணங்களையும் ஆதரித்துள்ளன.

உலோகமும் துருவும்

குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' என்னும் தம் முப்பது பகுதி நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கு ஒதுக்கினார். அதில், ஆடும் பற்களை உறுதியான அண்டைப் பற்களோடு கம்பியால் கட்டுவதை விளக்கி, பொன் கம்பியே சிறந்தது என்கிறார். வெள்ளி நாளடைவில் பச்சை பிடித்துக் கெடும் என்பது அவர் கூறும் காரணம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, உடலினுள் வைக்கும் பொருள் துருப்பிடிக்கலாகாது என்னும் கவலை எழுந்துவிட்டது.

அக்கவலைக்கு இன்றைய விடைகளுள் ஒன்று டைட்டானியம். அதன் மேற்பரப்பில் தானே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் அரிப்பைத் தடுக்கிறது. உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இயங்கி வருவது ஈண்டு நினைக்கத்தக்கது. உடலில் கரையும் பாலிமர், 'பீக்' எனப்படும் உறுதியான பிளாஸ்டிக், முற்றிலும் நூலாலேயே ஆன முடிச்சு ஆகியனவும் இன்று நங்கூரங்களாகப் பயன்படுகின்றன. தைக்கும் நூலும் வலிய பாலிஎதிலீன் இழையாக மாறியுள்ளது.

நூல் தாங்குவது சிறிது காலமே

நங்கூரம் பெயரலாம்; முடிச்சு நெகிழலாம்; நூல் அறலாம். ஆயினும் பெரும்பாலும் தோற்பது நூல் நாணைப் பற்றும் இடமே. நைந்த நாணை நூல் அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது. ஆகவே, நூலின் பணி நிலையானதன்று. நாண் எலும்போடு ஒட்டும்வரை அதனை அசையாது பிடித்திருப்பதே அதன் கடமை. இயற்கையில் நாண், குருத்து, சுண்ணமேறிய குருத்து, எலும்பு என நான்கு அடுக்குகளாக அமைந்த பொருத்து மீண்டும் முழுமையாக உருவாவதில்லை. தழும்புத் திசுவே அவ்விடத்தை நிரப்புகிறது. அது முதிரப் பல மாதங்களாகும். நான்கு முதல் ஆறு வாரங்கள் தூளியில் கையைத் தாங்குவதும், ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின்னரே வலுவூட்டும் பயிற்சியைத் தொடங்குவதும் இதனாலேயே. வலி நீங்கியதும் தூளியைக் கழற்றி எறிபவர், தைத்ததைத் தம் கையாலேயே பிரிப்பவராவார். புகைப்பழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் ஒட்டுதலைக் கெடுக்கும்.

தூளியிலுள்ள கையோடு தொழுவது எப்படி என நம்மிடம் வினவுவோர் உளர். தக்பீரில் கைகளை உயர்த்துவது சுன்னத்தேயன்றிப் பர்ளு அன்று. ஸுஜூதில் கையை ஊன்ற இயலாதவர்க்கு இயன்ற அளவே கடமை. காயக்கட்டின்மேல் மஸ்ஹு செய்வதற்கும் ஃபிக்ஹு நூல்களில் தனிச் சட்டங்கள் உள்ளன. தையல் பிரியுமாறு கையை உயர்த்தி நன்மை தேட வேண்டியதில்லை.

நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர், தோள்வலியை வாயுப்பிடிப்பு என எண்ணி ஓராண்டுக்கு மேல் தைலம் தேய்த்தும் கட்டுப் போட்டும் வந்தார். இறுதியில் மருத்துவரிடம் சென்றபோது நாண் சுருங்கி உள்வாங்கியிருந்தது. தசையில் கொழுப்பு படிந்திருந்தது. தைப்பதற்குரிய காலம் கடந்துவிட்டது என்றனர். எலும்பு முறிவுக்குக் கட்டு உதவலாம். எலும்பை விட்டு விலகிய நாணை வெளியே போடும் கட்டு எட்டாது. கிழிசல் அனைத்துக்கும் அறுவை தேவையில்லை. பயிற்சியாலேயே தேறுவோர் பலர். ஆனால், விழுந்தபின் கையைத் தானாக உயர்த்த இயலாதவர், சில வாரங்களுக்குள் எலும்பு மருத்துவரைக் கண்டு ஸ்கேன் எடுத்துத் தெளிவது நன்று. நாண் அறுந்ததைக் காலத்தே அறிந்தவனுக்கே வில் மீண்டும் வளையும்.