கையடக்கப் பந்தயக் கார்

1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாஸ்கார் சங்கம் தன் தலையாய பந்தயத் தொடரைத் தொடங்கியபோது, கடையில் விற்கும் கார்களையே ஓடவிட்டது. ‘ஸ்டொக் கார்’ என்னும் பெயருக்குப் பொருள் அதுவே. இன்று ஓடுபவை பந்தயத்துக்கென்றே கட்டப்படுபவை, பெயரோ பழையதே.

இவற்றின் பிளாஸ்டிக் மாதிரியைத் துண்டு துண்டாகப் பெட்டியில் வாங்கி வீட்டிலேயே பூட்டலாம். பல மாதிரிகள் 25இல் 1 பங்கு அளவு. 5 மீற்றர்க் கார் 20 சென்ரிமீற்றராகிவிடும். ஒட்டுவதில் அத்துணைக் கஷ்டமில்லை. கெடுவதெல்லாம் வர்ணத்திலேதான். மாதிரியின்மேல் கால் மில்லிமீற்றர் தடிப்பாகப் பூசினால், உண்மைக் காரில் 6 மில்லிமீற்றருக்கு மேல் சாந்து பூசியதற்கு ஒப்பாகும்! கதவுக் கோடுகள் மறைந்துபோம். ஆகவே, துண்டுகளைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தியபின், மெல்லிதாகப் பலமுறை பூசவேண்டும்.

கல்முனைச் சிறுவர்க்கு நாம் தனியே சொல்லவேண்டியது ஒன்றுண்டு. மாரிகாலத்தில் லக்கர் வகை விசிறு வர்ணத்தைத் தொடாதிருப்பதே நன்று. அதிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகையில் மேற்பரப்புக் குளிர்கிறது. காற்றின் ஈரம் அதிற் படிய, நல்ல சிவப்பும் பால் கலந்தாற்போல் வெளிறிவிடும். கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் குறைவு, புழுதிக்கோ குறைவில்லை. எனவே யன்னலைத் திறந்துவைத்துப் பூசி முடித்ததும், சப்பாத்துப் பெட்டி ஒன்றைச் சற்றே காற்றுப் புகும்படி கவிழ்த்து மூடி, ஒரு நாள் முழுவதும் திறந்துபாராமல் வைத்திருங்கள். தம்பி தங்கையர் உள்ள வீடாயின், அதை அலுமாரியின் மேல் வைப்பதே உசிதம்.