பத்தின் தலைமேல் நிற்கும் எண்ணைப் பாருங்கள்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பகுதியில் சின்ன வெங்காயம் பயிரிடுவோர், அடி அழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா விரிடி வாங்குகிறார்கள். விலையையும் காலாவதி தேதியையும் பார்க்கும் பலர், ‘2×10⁶ சி.எஃப்.யு./கிராம்’ என்ற வரியைத் தாண்டிவிடுகிறார்கள். மருந்தின் வீரியம் அந்த வரியில்தான் இருக்கிறது.

சி.எஃப்.யு. என்பது பெருகி வளரக்கூடிய உயிருள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை. 10⁶ என்றால் 1-க்குப் பின் 6 சுழி, அதாவது 10 லட்சம். ஆகவே 2×10⁶ என்பது 20 லட்சம். 10⁵ லட்சம், 10⁷ கோடி என்று நினைவில் வைத்தால் போதும்.

முன்னால் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 9×10⁵ என்பது 9 லட்சம்தான். 2×10⁶-இல் பாதிகூட இல்லை. மேல் எண் ஒன்று குறைந்தால் வீரியம் பத்தில் ஒரு பங்காகிவிடும். 2×10⁵ உள்ள தூளை 10 கிலோ போட்டால்தான், தரமான 1 கிலோவின் எண்ணிக்கைக்கு ஈடாகும்.

சில பாக்கெட்டுகளில் மேல் எண் கீழே இறங்கி ‘106’ என்று அச்சாகியிருக்கும். அது நூற்றாறு அல்ல, 10⁶.

டிரைக்கோடெர்மா விரிடிக்குக் குறைந்தபட்சத் தரம் கிராமுக்கு 2×10⁶. அசோஸ்பைரில்லம் தூளுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிராமுக்கு 5×10⁷, அதாவது 5 கோடி. திரவமானால் மில்லிக்கு 10⁸, அதாவது 10 கோடி. ஒவ்வொன்றையும் அதனதன் தரத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வெயிலில் வைத்தாலும், ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியுடன் கலந்தாலும் நுண்ணுயிர்கள் மடியும். பிறகு அச்சிட்ட எண் பாக்கெட்டில் மட்டுமே இருக்கும், வயலுக்கு வராது.