பழைய காருக்குப் புதிய இஞ்சின்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலை, 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து வந்தது. முதலில் திறந்த காராகவும், 1965 முதல் கூரையுடைய வடிவிலும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. ஆதலின் இன்றும் அது கிட்டாத பொருளன்று. உதிரிப் பாகங்களும், ஏன், உடற்கூடு முழுவதுமேகூடப் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அதன் அழகில் குறை காண்பார் அரியர். குறையெல்லாம் இஞ்சின் மீதுதான். 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டரும் கொண்ட அவ்வார்ப்பிரும்பு இஞ்சினின் மூலவடிவம் 1940களின் இறுதியில் தோன்றியது. புதிதாக இருந்தபோது அது 95 குதிரைச் சக்தி தந்தது. இன்றைய நெடுஞ்சாலையில் அது மூச்சு வாங்குகிறது, எண்ணெயும் கசிகிறது.

இதைக் கழற்றிவிட்டுப் பிற்காலத்து இஞ்சின் ஒன்றைக் குறைந்த செலவில் பொருத்திவிடலாம் என்னும் ஆசை பலருக்கு எழுகிறது. ஆசை தவறன்று. ஆனால் கணக்கு பெரும்பாலும் தவறிவிடுகிறது. இஞ்சினின் விலையையே வேலையின் விலை என்று கொள்வதால் நேரும் பிழை இது. உண்மையில் இஞ்சினே இவ்வேலையில் மலிவான பகுதி.

எத்தகைய இஞ்சினைத் தேர்வது என்னும் வினாவுக்கு எம்.ஜி.யின் வரலாறே இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. ஒன்று தோல்வி, மற்றது வெற்றி. 1967இல் அந்நிறுவனம் இதே உடற்கூட்டில் 2912 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் இஞ்சினை வைத்து எம்.ஜி.சி. என்று பெயரிட்டது. சக்தி 145 குதிரைக்கு உயர்ந்தது. ஆனால் அதுவும் வார்ப்பிரும்பு, பழையதைவிட ஏறத்தாழ 95 கிலோ கனம் மிக்கது, நீளமும் மிக்கது. அதற்கு இடம் தருவதற்காக முன்புறத்துக் குறுக்குச் சட்டத்தையே மாற்றி, சுருள் ஸ்பிரிங்குகளை நீக்கி, முறுக்குக் கம்பிகளை வைக்க வேண்டியதாயிற்று. விளைவு என்ன? வளைவில் திருப்பும்போது காரின் மூக்கு திரும்ப மறுத்து நேரே செல்லப் பார்த்தது. பத்திரிகைகள் குறை கூறின. சுமார் ஒன்பதாயிரம் கார்களோடு 1969இல் அது நின்றுபோயிற்று.

மற்றொரு முயற்சி தொழிற்சாலைக்கு வெளியே தொடங்கியது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1961 முதல் 1963 வரை செய்து கைவிட்ட எட்டு சிலிண்டர் அலுமினிய இஞ்சின் ஒன்றின் உரிமையை, பிரிட்டிஷ் ரோவர் நிறுவனம் 1965இல் வாங்கித் தன் கார்களில் வைத்தது. கெண்ட் மாவட்டத்தில் பட்டறை வைத்திருந்த கென் காஸ்டெல்லோ என்பவர் 1970 வாக்கில் அதை எம்.ஜி.பி.யில் பொருத்தி விற்கலானார். 3.5 லிட்டர் கொள்ளளவு இருந்தும், அலுமினியம் ஆகையால் அதன் எடை பழைய நான்கு சிலிண்டர் இஞ்சினின் எடைக்கு ஏறத்தாழச் சமம். காரின் மூக்கு கனக்கவில்லை. தனியொருவர் செய்த இவ்வேலையைக் கண்ட பிறகே, 1973இல் தொழிற்சாலையும் அதே இஞ்சினுடன் 137 குதிரைச் சக்தி கொண்ட காரை வெளியிட்டது. காஸ்டெல்லோவின் காரில் பானட்டின் மேல் ஒரு புடைப்பு இருக்கும். தொழிற்சாலையாரோ கார்புரேட்டர்களைப் பின்னோக்கித் தாழ்த்தி வைத்து அப்புடைப்பைத் தவிர்த்தனர். 1976 வரை 2591 கார்களே செய்யப்பட்டன எனினும், இன்று அவற்றைத் தேடி வாங்குவோர் உளர்.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், சக்தியைக் காட்டிலும் எடையையே முதலில் பார்க்க வேண்டும் என்பது விளங்கும். எடை எவ்வளவு, அது முன் அச்சுக்கு எவ்வளவு பின்னால் அமர்கிறது என்பவையே காரின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

இன்று சிறு முதலில் இவ்வேலையில் இறங்குவோர் நாடும் இஞ்சின்களுள் ஒன்று மஸ்டா எம்.எக்ஸ்.5 காருடையது. 1989இல் வெளிவந்த அந்த ஜப்பானியக் கார், பழைய ஆங்கிலேயத் திறந்த கார்களை நினைவிற்கொண்டே வடிவமைக்கப்பட்டது. அதன் இருதயம் இப்போது மூதாதையின் உடலுக்குள் செல்வது ஒரு வேடிக்கைதான். 1.6 லிட்டர் கொள்ளளவில் ஏறத்தாழ 115 குதிரைச் சக்தி தருகிறது. அதனினும் முக்கியமானது, அது நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டும் இஞ்சின் என்பதே. முன்சக்கரம் ஓட்டும் கார்களின் இஞ்சின்கள் இதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவை குறுக்குவாக்கில் அமர்ந்தவை. அவற்றோடு வரும் கியர்பாக்ஸ் இங்கே பயன்படாது. வேறு கியர்பாக்ஸைத் தேடி, இரண்டையும் இணைக்கத் தட்டு கடைந்து, கிளட்சையும் பொருத்திப் பார்ப்பதற்குள் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும். எம்.எக்ஸ்.5 இஞ்சினோடு அதன் ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்தே வருகிறது.

ஆயினும் இங்கேயும் ஒரு பொறி உண்டு (இயந்திரம் அன்று, எலிக்கு வைப்பது). எம்.எக்ஸ்.5இன் கியர்பாக்ஸுக்குப் பின்புறம் தனித் தாங்கி கிடையாது. பின் அச்சுப் பெட்டி வரை நீண்ட ஒரு சட்டமே அதைத் தாங்குகிறது. எம்.ஜி.பி.யில் அச்சட்டத்துக்கு இடமில்லை. ஆகவே கியர்பாக்ஸுக்குப் புதிதாக ஒரு தாங்கி செய்தாக வேண்டும். பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டையும் அளவு பார்த்து வெட்டி, இணைத்து, சமநிலை சரிபார்க்க வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் கார் ஓடும்போது தரையே அதிரும்.

அடுத்தது பெட்ரோல். பழைய கார்புரேட்டருக்கு, ஒரு சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டு அளவு அழுத்தம் போதும். பீச்சுமுறை இஞ்சினுக்கோ நாற்பது பவுண்டு அளவில் வேண்டும். பம்பு, குழாய், இணைப்பு அனைத்தும் அவ்வழுத்தத்தைத் தாங்குபவையாக இருத்தல் வேண்டும். எஞ்சிய பெட்ரோல் தொட்டிக்குத் திரும்ப மற்றொரு குழாயும் வேண்டும். பழைய ரப்பர் குழாயையே விட்டுவைப்பது தீயோடு விளையாடுவதாகும். வளைவில் தொட்டிப் பெட்ரோல் ஒருபுறம் சாயும்போது பம்பு காற்றை உறிஞ்சாதிருக்க, இடையில் ஒரு சிறு கலமும் வைப்பார்கள்.

மின்சாரம் பலர் தடுமாறும் இடம். இஞ்சினை ஆள்வது ஒரு மின்னணுப் பெட்டி. அதன் கம்பிக்கட்டு, உணர்கருவிகள், காற்றளவி ஆகிய யாவும் ஒரே காரிலிருந்து வருவது நலம். துண்டு துண்டாக வாங்குவோர் முடிவில் முழுக் காரின் விலைக்கு மேல் கொடுக்கிறார்கள். அதனால்தான் விபத்தில் பின்புறம் நசுங்கிய முழுக் காராகவே வாங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு எஞ்சியதை விற்பது நல்ல முறை. மலேசியப் பட்டறைகளில் 'ஹாஃப் கட்' என்று சொல்லப்படும் ஜப்பானிய முன்பாதிக் கார்களை வாங்குவோர் அறிந்த அதே கணக்குதான் இது. இன்னொன்று: 1967க்கு முன் வந்த எம்.ஜி.பி.யில் பாட்டரியின் நேர்முனையே உடற்கூட்டோடு இணைந்திருக்கும். அதை எதிர்முனைக்கு மாற்றாமல் மின்னணுப் பெட்டியை இணைத்தால், அது அக்கணமே பாழாகும்.

இவை அனைத்துக்கும் முன்னால், இஞ்சினைத் தேடிப் புறப்படுவதற்கும் முன்னால், கதவுகளுக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் இல்லை. கதவுக்கு அடியிலுள்ள பெட்டிபோன்ற விளிம்புகளே காரின் முதுகெலும்பு. அவை உள்ளிருந்து துருப்பிடிக்கும், மேற்பூச்சு பளபளவென்றிருக்கும். துருவேறிய கூட்டில் மிகுந்த சக்தியை வைத்தால் அது முறுக்கித் தளரும். பிரேக்கும் அப்படியே. தொழிற்சாலையார் எட்டு சிலிண்டர் காருக்குத் தடித்த பிரேக் தட்டுகளைக் கொடுத்ததை நினைவில் கொள்க. முதற்பணம் கூட்டுக்கும் பிரேக்குக்கும் போன பிறகு மிஞ்சுவதே இஞ்சினுக்கு உரிய பணம். மிஞ்சவில்லையெனில் பழைய இஞ்சினையே புதுப்பித்து ஓட்டுவதில் இழிவொன்றுமில்லை.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் இஞ்சின் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பெரிதும் மாற்றப்பட்டவற்றுக்கு இல்லை. 2018இன் வழிகாட்டுதல்படி, சிலிண்டர்களின் எண்ணிக்கை மாறினால் அது பெரிய மாற்றமாகக் கருதப்பட வாய்ப்பு மிகுதி. நான்குக்கு நான்கே வைப்பவர் இவ்வகையில் தப்புகிறார்.

பழமையைக் கெடுக்கலாமா என்று வருந்துவோரும் உண்டு. அவர்கள் வருத்தத்தில் நியாயமும் உண்டு. அதனால் பொறுப்புள்ள பட்டறைக்காரர், தாங்கிகளை ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட்டால் முடுக்குகிறார்; கூட்டை இயன்றவரை வெட்டுவதில்லை. கழற்றிய பழைய இஞ்சினும் எண்ணெய் தடவி, துளைகள் அடைத்து, காரின் எண்ணெழுதிய சீட்டோடு கொட்டகை மூலையில் ஒரு மரப்பலகையின்மீது வைக்கப்படுகிறது.